ஒரு ஆச்சரியக்குறியின் கதை



மாணவர் பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, பேரவைச் செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். "முன்னாள் மாணவர் பக்கத்துக்கு அண்ணா. டெக்னிகலா எழுதுங்க. ஆனா கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பசங்க மட்டும் இல்ல, மெக்கானிக்கல் பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அட்வைஸ் மட்டும் வேணாம்ணா" என்று இன்னொரு கண்டிஷனும் போட்டார்.

ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில், பல வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒரு விஷயத்தையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நாம் எழுதும் ஒரு வெப் பக்கம் சர்வருக்குள் போய் எப்படி ஒரு ப்ரோகிராமாக மாறுகிறது என்பதுதான் விஷயம். அது தெரியாமல் நான் போட்ட ஒரே ஒரு ஆச்சரியக்குறியால், ஒரு பாவமும் செய்யாத ஓர் அக்காவின் வேலை போக இருந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் வீட்டில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனா எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். சட்டையைத் துவைத்தாலும் அந்தக் கருப்பு மணல் வாசனை போகாது. நான் கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்ந்தபோது, "என் புள்ளைக்குக் கையில மண்ணு ஒட்டாத வேலை" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2007ல் டிப்ளமோ முடித்தேன். ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியில், எட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் சேர்ந்தேன். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதே, அதே ராயபுரம் ஸ்டேஷன்தான். இப்போது நீங்கள் விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு போகிறீர்கள். 2021க்குப் பிறகு வந்த சுகம் அது. எங்களுக்கு கும்மிடிப்பூண்டி லோக்கல்தான். கதவுப் பக்கம் தொங்கிக்கொண்டே ஜாவா புத்தகம் படித்தவன் நான்.

முதல் வேலையாக எனக்குக் கொடுத்தது ஒரு கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸின் சீட்டுப் பக்கம். நம்ம ஏரியா பிள்ளைகளுக்குக் கன்டெய்னர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983ல் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. அதற்கப்புறம் மணலி, மாதவரம், திருவொற்றியூர் என்று எங்கே பார்த்தாலும் யார்டுகள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எங்கே பார்த்தாலும் டிரெய்லர் வரிசை. வண்டிக்கு அடியில் துணித் தூளி கட்டிப் படுத்துத் தூங்கும் டிரைவர்களைப் பார்த்துக்கொண்டேதான் நாம் எல்லோரும் ஸ்கூலுக்குப் போனோம்.

சீட்டுப் பக்கத்தின் வேலை இதுதான். டேட்டா என்ட்ரி செய்பவர் டிரெய்லர் நம்பரையும் பெட்டி நம்பரையும் அடிப்பார். கன்டெய்னரை அங்கே 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெட்டி எந்த யார்டில் இருக்கிறது என்று சர்வர் டேட்டாபேஸில் தேடி எடுத்து, பதிவு செய்து, சீட்டு அடித்துக் கொடுக்கும். டிரைவர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போய்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஹார்பருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அவ்வளவுதான் என்று விட மனசு வரவில்லை. பெட்டி நம்பருக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான்கு எழுத்து, ஏழு இலக்கம், மொத்தம் 11. அந்தக் கடைசி இலக்கம் சும்மா வைத்ததில்லை. முதல் பத்துக்கும் ஆளுக்கொரு மதிப்பு கொடுத்து, இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியை வைத்து அந்த இலக்கம் வருகிறது. ஐஎஸ்ஓ 6346 என்ற உலகத் தரம் அது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இதை நானே தேடிப் படித்து, பக்கத்துக்குள் ஒரு ஃபங்ஷனாக எழுதினேன். தப்பு நம்பர் அடித்தால் சிவப்பு எழுத்தில் திட்டும்! முதலாளி தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கேதான் அந்த ஆச்சரியக்குறி வருகிறது.

நான் எழுதியது ஜேஎஸ்பி பக்கம். ஜாவாவில் சர்வர் பக்கம் எழுதும் முறை, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999ல் வெளியிட்டது. சன் கம்பெனியை 2010ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. இன்றைக்கு அதே ஜேஎஸ்பி 'ஜகார்த்தா சர்வர் பேஜஸ்' என்ற பெயரில் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் இருக்கிறது. பார்க்க சாதாரண எச்டிஎம்எல் பக்கம் மாதிரியே இருக்கும். நடுநடுவே சாய்ந்த அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் போட்டு, அதற்குள் ஜாவா வரிகளை எழுதலாம். என் ஃபங்ஷனை அப்படி உள்ளே எழுதியபோது எர்ரர் வந்தது. ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்தது. போனில் கேட்டபோது கூடப் படித்த நண்பன் சொன்னான், "மச்சி, ஃபங்ஷன்னா சதவீதக் குறிக்குப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போடணும்டா." போட்டேன். ஃபங்ஷனுக்கு வேண்டிய பெட்டி நம்பர் வேரியபிளையும் அதே இடத்துக்கு ஏற்றினேன். எர்ரர் போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போனது என்று கேட்கவே இல்லை. போனால் சரி என்று விட்டுவிட்டேன்.

பக்கம் ஓட ஆரம்பித்தது. முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. அப்போது அந்த ஆபீஸில் ஒரே ஒரு சிஸ்டம்தான். காசிமேட்டிலிருந்து வரும் ஓர் அக்கா அதில் உட்கார்ந்திருந்தார். பத்தாவது வரை படித்தவர். ஆனால் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். வேலை பெருகி, இரண்டாவது சிஸ்டம் போட்டு ஒரு பையனையும் வைத்தார்கள். அப்புறம்தான் சனி பிடித்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சாயங்கால நெரிசலில், ஏதாவது ஒரு சீட்டில் வேறு பெட்டியின் நம்பர் வந்துவிடும். சில சமயம் டிரைவரே பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நான் ஆபீஸில் உட்கார்ந்து நூறு தடவை அடித்துப் பார்த்தேன். நூறு தடவையும் சரியாகவே வந்தது.

ஒரு ராத்திரி பெரிதாக வெடித்தது. ஒரு டிரைவர் அண்ணன் சீட்டை வாங்கிக்கொண்டு மணலிப் பக்கம் ஒரு யார்டுக்குப் போயிருக்கிறார். சீட்டிலிருந்த பெட்டியை அன்று சாயங்காலமே வேறு வண்டி எடுத்துப் போயிருக்கிறது. "இந்தப் பெட்டி போயி நாலு மணி நேரம் ஆவுது. நீ யாரு, யாரு குடுத்த சீட்டு இது?" என்று யார்டுக்காரர்கள் வண்டியையும் ஆளையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விடிகிற வரைக்கும் அவர் அங்கேதான் நின்றார். அவர் எடுத்திருக்க வேண்டிய பெட்டி வேறொரு யார்டில் கிடந்து கப்பலைத் தவறவிட்டது. டிரைவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. அந்த டிரிப் போனது போனதுதான்.

மறுநாள் காலை டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பஞ்சாயத்து. பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அக்காவின் சிஸ்டத்திலிருந்துதான் அந்தத் தப்பு நம்பர் ஏறியிருக்கிறது. முதலாளி அந்தம்மாவைப் பார்த்து, "பக்கத்து டேபிள் பேப்பரைப் பார்த்து அடிச்சிருக்கே. கண்ணு எங்க இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டார்கள், "உங்க ப்ரோகிராம்ல ஏதாவது..?" நான் நிமிர்ந்து சொன்னேன், "இல்ல சார். நான் நூறு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன்." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து வைத்துக்கொண்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த உருவம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. நைனா கேட்டார். சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தப்பு ஒரே மாதிரி வருதா, வேற வேற மாதிரி வருதா?" என்றார்.

"ஒரே மாதிரிதான். வேற வண்டியோட நம்பர் வருது."

"அப்ப ஆளைப் பார்க்காத. அச்சைப் பாரு" என்றார். "ஆளு தப்பு பண்ணா தினுசு தினுசா வரும்டா. ஒரே தினுசா வந்தா அது மோல்டுல இருக்கு. பேட்டர்ன் ஷாப்புல கொடுத்த மரக்கட்டை அழகாத்தான் இருக்கும். அதை மணல்ல பதிச்சு எடுத்தப்புறம், பெட்டியை மூடறதுக்கு முன்னாடி குனிஞ்சு உள்ள பார்க்கணும். உலோகம் போய் நிக்கிறது அந்த மணல்லதான், மரக்கட்டையில இல்ல."

ஃபவுண்டரியில் வேலை செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி. பேட்டர்ன் இருக்கும் அளவுக்குக் காஸ்டிங் இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதற்குத் தக்கபடி பேட்டர்னைப் பெரிதாகச் செய்வார்கள். டெம்ப்ளேட் என்பதற்குத் தமிழில் 'வார்ப்புரு' என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகத்தான் வைத்திருக்கிறார். என் வார்ப்புருவை நான் ஆயிரம் தடவை பார்த்திருந்தேன். அது மணலில் பதிந்த இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் எங்கள் சீனியர் அண்ணனிடம் கேட்டேன், "அண்ணா, ஜேஎஸ்பி பக்கம் உள்ள என்னவா மாறுது?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இத்தனை நாளா பார்த்ததே இல்லியா?" என்று சர்வரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார்.

எங்கள் சர்வரில் ஓடியது டாம்கேட். சன் கம்பெனியில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் தொடங்கிய சாஃப்ட்வேர். 1999ல் அதை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் 'வொர்க்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே உள்ளே உள்ளே போனால், என் சீட்டுப் பக்கத்தின் பெயரிலேயே இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று ஜாவா ஃபைல், இன்னொன்று கிளாஸ் ஃபைல். இரண்டையும் நான் எழுதவில்லை!

நடப்பது இதுதான். ஒரு ஜேஎஸ்பி பக்கத்தை யாராவது முதல் தடவை கேட்கும்போது, டாம்கேட்டுக்குள் இருக்கும் 'ஜாஸ்பர்' என்ற பகுதி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படிக்கிறது. படித்து, ஒரு முழு ஜாவா ப்ரோகிராமை எழுதுகிறது. நாம் போட்ட எச்டிஎம்எல் எழுத்தெல்லாம் 'இதை அப்படியே வெளியே எழுது' என்ற கட்டளை வரிகளாக மாறுகிறது. டேபிள், ஃபார்ம், தலைப்பு, நாம் விட்ட வெற்று இடம்கூட அப்படித்தான். நடுவில் நாம் எழுதிய ஜாவா வரிகளைக் கை வைக்காமல் அந்தந்த இடத்தில் செருகுகிறது. இப்படி வந்த ஜாவா ஃபைலை கம்பைலரிடம் கொடுத்து கிளாஸ் ஃபைலாக்கி, மெமரியில் ஏற்றி ஓட்டுகிறது. அடுத்து வருபவர்களுக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் கிளாஸே பதில் சொல்கிறது. நாம் பக்கத்தைத் திருத்தினால், ஃபைல் மாறிய நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து மறுபடி கம்பைல் செய்கிறது. முதல் ஆளுக்கு மட்டும் பக்கம் மெதுவாக வருவது இதனால்தான்.

அந்த ஜாவா ஃபைலைத் திறந்து படித்தேன். என் பக்கம் முழுவதும் ஒரே ஒரு மெத்தடுக்குள் அடைந்து கிடந்தது. ஒவ்வொரு தடவை ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போதும் அந்த மெத்தட் ஒரு தடவை ஓடும். அப்போதுதான் அந்தப் பழைய எர்ரர் ஏன் வந்தது என்று புரிந்தது. ஜாவாவில் ஒரு மெத்தடுக்குள் இன்னொரு மெத்தடை எழுத முடியாது. நான் எழுதிய ஃபங்ஷன் அதற்குள் போய் விழுந்தது, கம்பைலர் கத்தியது. ஆச்சரியக்குறி என்ன செய்கிறது? 'இதை மெத்தடுக்குள் போடாதே, வெளியே கிளாஸிலேயே வை' என்று சொல்கிறது. ஃபங்ஷன் வெளியே போனது. அது சரி. அதோடு ஒட்டிக்கொண்டு என் பெட்டி நம்பர் வேரியபிளும் வெளியே போய் உட்கார்ந்திருந்தது.

எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏனென்றால் அந்தக் கிளாஸிலிருந்து டாம்கேட் உண்டாக்கும் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான். நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அந்த ஒன்றுதான் நூறு திரெட்களில் பதில் சொல்லும்.

மெக்கானிக்கல் தம்பிகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். மெத்தடுக்கு உள்ளே இருக்கும் வேரியபிள், அவரவர் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டு மாதிரி. வெளியே இருப்பது ஆபீஸ் சுவரில் மாட்டிய ஒரே ஒரு சிலேட்டு. அக்கா ஒரு பெட்டி நம்பரை அடிக்கிறார். அது சிலேட்டில் ஏறுகிறது. என் ஃபங்ஷன் சரிபார்த்து 'ஓகே' என்கிறது. அடுத்து, இந்தப் பெட்டி எந்த யார்டில் என்று டேட்டாபேஸைக் கேட்கப் போகிறது. அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் பக்கத்து டேபிள் பையன் தன் நம்பரை அடிக்கிறான். சிலேட்டில் அக்காவின் நம்பர் அழிந்து அவன் நம்பர் ஏறுகிறது. டேட்டாபேஸிலிருந்து திரும்பி வந்த அக்காவின் வேலை, சிலேட்டைப் பார்த்துச் சீட்டு அடிக்கிறது. டிரெய்லர் அக்கா அடித்தது. பெட்டி பையன் அடித்தது. பதிவேட்டிலும் அதுவே ஏறுகிறது, அக்காவின் பெயரில்!

நான் தனியாக உட்கார்ந்து அடித்த நூறு தடவையும் சிலேட்டில் கை வைக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் நூறும் சரியாக வந்தது. வந்த நம்பரும் உண்மையான ஒரு பெட்டியின் நம்பர் என்பதால் என் பெருமைக்குரிய சரிபார்ப்பும் வாயை மூடிக்கொண்டது.

புரிந்தது வேறு, நிரூபிப்பது வேறு. நம்பரைச் சரிபார்த்த இடத்துக்குக் கீழே, 'ஐந்து விநாடி சும்மா இரு' என்று ஒரு வரி சேர்த்தேன். சீனியர் அண்ணனை ஒரு சிஸ்டத்தில் உட்கார வைத்து, நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன். அவர் ஒரு நம்பர் அடித்தார். இரண்டு விநாடி கழித்து நான் ஒன்று அடித்தேன். அவர் சீட்டில் என் நம்பர் வந்தது. மறுபடி செய்தோம், மறுபடி வந்தது. அண்ணன் எதுவும் பேசாமல் என் தோளில் கை வைத்தார்.

திருத்த எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிஷம். ஃபங்ஷன் வெளியிலேயே இருந்தது. பெட்டி நம்பரை மட்டும் ஆச்சரியக்குறிக்குள்ளிருந்து எடுத்து மெத்தடுக்குள் கொண்டுவந்து, ஃபங்ஷனைக் கூப்பிடும்போது கையில் கொடுத்து அனுப்பினேன். 'வொர்க்' ஃபோல்டரில் புதிதாக வந்த ஜாவா ஃபைலைத் திறந்து, வேரியபிள் உள்ளேதான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

அடுத்ததுதான் கஷ்டம். சத்தமில்லாமல் திருத்தியாயிற்று, இனிமேல் வராது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் அப்படித்தான் இருந்தேன். அந்த ஒரு நாள் ராத்திரி நைனா கேட்டார், "மோல்டைப் பார்த்தியா?" "பார்த்தேன்." "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் போய் டிரான்ஸ்போர்ட் முதலாளியிடம் சொன்னேன். இரண்டு சிஸ்டத்தில், பழைய பக்கத்தை ஓட்டியும் காட்டினேன். அவர் திட்டியதை இந்த மலரில் அச்சிட முடியாது. எங்கள் ஆபீஸுக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். நியாயம்தான். அக்காவை நிறுத்தவில்லை.

அக்காவிடம் போய் நின்றேன். "தப்பு என்னுதுக்கா" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாந்தான் தப்பா அடிச்சிட்டேன்னு நானே நம்பிட்டேன் தம்பி. கண்ணு டெஸ்டுக்குக் கூடப் போயிட்டு வந்துட்டேன்" என்றார்.

தம்பி, தங்கைகளே, எந்த வைவா கேள்வியும் என்னை அப்படித் தலைகுனிய வைத்ததில்லை. நாம் எழுதும் ப்ரோகிராம் பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று உலகம் மனுஷனைத்தான் சந்தேகப்படுகிறது. அந்த மனுஷனும் தன்னையே சந்தேகப்படுகிறான். அந்த டிரைவர் அண்ணன் இழந்த டிரிப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. நான் தர நினைத்துத் தேடியபோது அவர் வேறு வண்டிக்கு மாறிப் போயிருந்தார்.

இது ஜேஎஸ்பி கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய எல்லா இடத்திலும் இந்த மாற்றம் ஏதாவது ஒரு வடிவத்தில் நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2002ல் கொண்டுவந்த ஏஎஸ்பி டாட் நெட், பக்கத்தை ஒரு கிளாஸாக மாற்றி, டிஎல்எல் ஃபைலாக்கி, ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைத்தது. பிஎச்பியில் 2000ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து ஜெண்ட் எஞ்சின் முழுப் பக்கத்தையும் முதலில் 'ஆப்கோடு' என்ற கட்டளைகளாக மாற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறது. அந்த ஆப்கோடைத் தூக்கிப் போடாமல் மெமரியில் சேர்த்து வைக்கும் ஓபிகேஷ், 2013ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2010ல் ஒரு படி மேலே போய், பிஎச்பி கோடை சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றி கம்பைல் செய்யும் 'ஹிப்ஹாப்' என்ற கருவியை வெளியிட்டது. சர்வர்களின் சிபியு வேலை சராசரியாகப் பாதியளவு குறைந்ததாக அறிவித்தார்கள். பைத்தானில் ஜிஞ்சா டெம்ப்ளேட் பைத்தான் கோடாக மாறுகிறது. நீங்கள் ப்ராஜெக்டுக்குப் போடும் ஈஜேஎஸ், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக மாறுகிறது.

மாறும் விதம் இடத்துக்கு இடம் வேறு. அதனால் வரும் தப்பும் வேறு. சாதாரண பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் வெறும் சிலேட்டோடு புதிதாகத் தொடங்குகிறது. என் தப்பு அங்கே வந்திருக்காது. ஜேஎஸ்பியிலோ இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கம் முழுவதும் ஒரே மெத்தடாகிறது என்றேன் அல்லவா? ஜாவாவில் ஒரு மெத்தடின் கம்பைல் ஆன கட்டளைகள் 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது. பல ஃபைல்களை ஒன்றாகச் செருகிப் பெரிய பக்கம் கட்டினால், எழுத்துப் பிழை எதுவும் இல்லாமலே கம்பைல் ஆகாது. பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஜாவா ஃபைலைப் பார்ப்பவருக்கு ஒரு நிமிஷ வேலை.

இன்னொன்றும் முக்கியம். டெம்ப்ளேட் கோடாக மாறுகிறது என்றால், டெம்ப்ளேட்டில் எது சேர்ந்தாலும் கோடாகிவிடும். பக்கத்துக்கு வருபவர் அடித்த எழுத்தை ஒரு மதிப்பாகத் தராமல், டெம்ப்ளேட்டோடு ஒட்டித் தைத்துவிட்டால், அவர் எழுதியதை உங்கள் சர்வர் ஓட்டும். இப்படி உள்ளே நுழைய முடியும் என்று ஜேம்ஸ் கெட்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015ல் விளக்கிக் காட்டினார். மணலில் வெளி ஆள் கைவைக்க விடுகிற மாதிரி அது.

நான் இப்போது வேறு ஆபீஸில், வேறு மொழியில் எழுதுகிறேன். புதிதாக எந்தக் கருவியைத் தொட்டாலும் முதல் நாள் ஒரு சின்னப் பக்கத்தை எழுதி, அது உள்ளே என்னவாக மாறுகிறது என்று தேடிப்பிடித்துப் பார்த்துவிடுவேன். டெஸ்ட் பண்ணும்போது பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக்கொள்வேன். எர்ரர் போய்விட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஏன் போனது என்று ஒரு தடவை கேட்பேன். நைனா இப்போது ரிட்டயர்டு. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் ராத்திரி லேப்டாப்பைத் திறந்தால் இன்றைக்கும் ஒரு தடவை குரல் வரும், "மோல்டைப் பார்த்தியாடா?"

அட்வைஸ் வேண்டாம் என்று சொன்னார் செயலாளர் தம்பி. இதை அட்வைஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஓர் அண்ணனின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் பக்கத்தின் அந்தப் பக்கம், எங்கோ ஓர் ஆபீஸில், ஓர் அக்கா கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

 

அன்புடன்,
முன்னாள் மாணவன், கணினிப் பொறியியல், 2007